மிச்ச வலி

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முயலே பிடிக்காமல் மூன்று கால் என்று சாதிக்கிறவள் என் அக்கா ஒருத்திதான். எனக்கு அவளை விட்டால் வேறு யாருமில்லை. அவளுக்கும் ஒரே மகனை விட்டால் நான்தான். அதனால் திட்டிக்கொண்டே கூட இருக்கிறேன். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் அக்கா முந்திக்கொண்டு பதில் சொல்வாள்: "பாக்க வந்தவங்க இவ பேச்சைக் கேட்டுட்டு காபிகூட குடிக்காம ஓடிட்டாங்க."

கன்னியர் மடத்தின் பின்பக்கம் இருக்கிற ஓஸ்தி அறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறோம். பூசையில் சாமியார் நம் கையில் வைக்கிறாரே, அந்த மெல்லிய வெள்ளை அப்பம், அதுதான் ஓஸ்தி. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும்தான், உப்புக்கூடக் கிடையாது. சூடான இரும்புத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி, மேல்தட்டை இறக்கி அழுத்திப் பிடித்தால் காகிதம் மாதிரி ஓர் ஏடு வரும். உடனே வெட்டினால் நொறுங்கிவிடும். ஈரத்துணிக்கு அடியில் ஒரு நாள் வைத்துப் பதமாக்கி, பிறகு மிஷினில் வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். சுடுவது அக்கா, வெட்டுவது நான். அத்தான் செத்த பிறகு அவள் சேர்ந்த வேலை இது. எனக்கும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

அன்றைக்கு நான் எடுத்த ஏடு ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் கருகியும் இருந்தது. அதற்கு முந்தின ஏடும் அப்படித்தான்.

"என்னக்கா, இது ஓஸ்தியா அட்டையா?"

"வாய மூடிட்டு வெட்டுடி."

"வெட்டலாம். மிஷின் பல்லு போயிடும், பரவாயில்லையா?"

அவள் மேல்தட்டின் கைப்பிடியை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையை ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தாள். விரல் மூட்டு ஒவ்வொன்றும் வீங்கிச் சிவந்திருந்தது. காலையில் ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன். தலை நான்தான் வாருகிறேன். அதற்கும் "மெதுவாடி, முடியா கயிறா" என்று வசவு வேறு.

டாக்டரிடம் போகாமல் இல்லை. நான் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயசுப் பெண் டாக்டர், பொறுமையாகச் சொன்னார்: "இது வயசானா வர்ற வலி இல்லம்மா. உங்க உடம்பே உங்க மூட்டை அரிக்குது. இப்பவே மருந்து ஆரம்பிச்சா நிறுத்திடலாம். விட்டுட்டீங்கன்னா விரல் மடங்கி அப்படியே நின்னுடும். அதுக்கப்புறம் நீட்ட முடியாது." அக்கா முதல் பெஞ்சு மாணவி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மருந்து வாங்கினோம். வீட்டுக்கு வந்தோம்.

சில வாரம் கழித்து ஜெபமாலை தேடும்போது மேசை இழுப்பறையில் அந்த மாத்திரை அட்டைகள் கையில் தட்டுப்பட்டன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம்!

"என்னக்கா இது? இழுப்பறைக்கா மூட்டு வலி?"

அவள் திருட்டு முழி முழித்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "நேந்துக்கிட்டேன்."

"என்னன்னு?"

"குண்டு கோயிலுக்கு வந்து நன்மை வாங்கற வரைக்கும் இந்த வலிக்கு மருந்து தொட மாட்டேன்னு. அவனுக்காக ஒப்புக்கொடுத்திருக்கேன்."

குண்டு என்பது அவள் மகன். பிறக்கும்போது கொழுகொழுவென்று இருந்ததால் வந்த பெயர். இப்போது ஆள் துடைப்பக்குச்சி. நன்மை வாங்குவது என்றால் பூசையில் அந்த அப்பத்தை வாங்கி உட்கொள்வது. ஒப்புக்கொடுப்பது எங்களிடையே உள்ள பழக்கம். தலைவலி வந்தாலும், பேருந்தில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும், "ஒப்புக்கொடு" என்பார்கள். சேசு பட்ட பாட்டோடு உன் பாட்டையும் சேர்த்து யாருக்காகவாவது கொடுத்துவிடு என்று அர்த்தம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஒரு தடவை பல்வலியை ஒப்புக்கொடுத்தேன். மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன். பிறகு பல் டாக்டரிடம் ஓடினேன்.

"வந்த வலியைக் குடுக்கறது ஒண்ணு, வலிய வீட்டுல கட்டிப்போட்டு தீனி வெச்சு வளக்கறது ஒண்ணு. நீ பண்றது ரெண்டாவது" என்றேன்.

"சிலுவைல அறையறதுக்கு முன்னாடி அவருக்கு வலி மரத்துப்போற மருந்து கலந்து குடுத்தாங்க. அவர் குடிச்சாரா? வேணாம்னுட்டாரு."

"அது முதல்ல. கடைசில தாகமா இருக்குன்னு அவரே வாய்விட்டுக் கேட்டு, குடுத்ததைக் குடிச்சாரே, அதை எந்தக் கணக்குல சேப்ப?"

"உனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய்கூட மதிக்காது" என்று சொல்லிவிட்டு இழுப்பறையைப் புறங்கையால் தள்ளி மூடினாள்.

நான் விடுகிற ஆளா? பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அக்காவைக் கூப்பிட்டு, கடவுள் இப்படிக் கேட்கவில்லை, இந்த நேர்ச்சையிலிருந்து உங்களை விடுவிக்கிறேன், மருந்து சாப்பிடுங்கள் என்று தெளிவாகவே சொன்னார். அக்கா "சரிங்க ஃபாதர்" என்று கும்பிட்டாள். தெருமுனை திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான் சாமிகிட்ட நேரா பேசினது. நடுவுல இவர் யாரு? இவர்கிட்ட கோள் மூட்ட நீ யாரு?" செவிடன் காதில் ஊதின சங்காகப் போயிற்று.

குண்டு ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அவன் அப்பாவுக்கு, அதாவது என் அத்தானுக்கு, எலும்பில் நோய். கடைசி மாதங்களில் ஊசிக்கும் அடங்காத வலி. கத்துவார். பக்கத்து அறையில் குண்டு தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு கிடப்பான். பார்க்க வந்தவர்களோ முன்னறையில் உட்கார்ந்து, "பாக்கியவான். பட வேண்டியதையெல்லாம் இங்கயே பட்டு முடிச்சுட்டு நேரா மோட்சம் போறாரு" என்று அக்காவுக்கு ஆறுதல் சொல்வார்கள். சொல்கிறவனுக்கு என்ன, வாயா வலிக்கிறது? அடக்கம் முடிந்து வந்த அன்றைக்குக் கோயில் வாசலிலேயே நின்று குண்டு சொன்னான்: "எங்கப்பா கத்தினது ஒருத்தருக்குப் பிடிச்சிருந்துச்சுன்னா, அந்த ஒருத்தர் எனக்கு வேணாம்." அன்றோடு சரி. அம்மா மேல் பாசத்துக்குக் குறைவில்லை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு மேல் மாடியிலேயே தங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் காய்கறிப் பையோடு நிற்பான். கோயில் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டான். கை வீக்கத்தைக் கேட்டபோதெல்லாம் அக்கா அவனிடம், "மருந்து எனக்கு ஒத்துக்கலடா" என்று மழுப்பிவிட்டாள்.

அந்தக் கருகின ஏட்டுக்கு மறுவாரம் மேல்தட்டு அவள் பிடியிலிருந்து நழுவி மணிக்கட்டில் விழுந்தது. மாவு தீய்கிற வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. நான் வெட்டிக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி, அவளைக் குழாயடிக்கு இழுத்தேன். அவள் "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "சேசுவே, குண்டுக்காக" என்றாள். தோல் உரிந்துகொண்டிருக்கிறது, இவள் கணக்கில் வரவு வைக்கிறாள்! தண்ணீரை அவள் மணிக்கட்டில் விட்டதில் பாதியை முகத்தில் விட்டிருப்பேன், அவ்வளவு கோபம்.

சத்தம் கேட்டு மதர் வந்தார். மடத்துத் தலைவி, அதிர்ந்து பேசாதவர். கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தடித்தடியாகக் கிடந்த ஏடுகளைப் பார்த்தார்.

"அடுத்த மாசத்துலேருந்து வேற யாராவது சுடட்டும்மா. நீங்க ஓய்வு எடுத்துக்குங்க."

"சுடறத மட்டும் எங்கிட்டேருந்து எடுத்துடாதீங்க மதர்."

"எனக்கு உங்க கை முக்கியம்மா."

அவர் போன பிறகு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அவன் வந்து வாங்கற அன்னிக்கு அது என் கையால சுட்டதா இருக்கணும்னு நெனச்சேன்." அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பையை எடுத்தேன். நேராகக் குண்டு கடைக்குப் போனேன்.

ஒரு ஃப்ரிட்ஜைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்துச் செம்புக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சித்தி, இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஏதாச்சும்..."

"உங்கம்மாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. கைதான் போகப்போகுது."

"மருந்துதான் ஒத்துக்கலன்னு சொன்னாங்களே. வேற டாக்டர பாக்கலாமா?"

"அட்டையே பிரிக்கல, அப்புறம் எங்கேருந்து ஒத்துக்கறது ஒத்துக்காதது?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். வாங்கினால்? என் வாயில் எது தங்கியிருக்கிறது, இது தங்க? இன்றைக்குக் கேட்டாலும் சொன்னது சரி என்றுதான் சொல்வேன்.

அவன் கையிலிருந்த நெருப்பை அணைத்தான்.

"நான் கேட்டேனா சித்தி? எனக்காக விரல் மடங்கணும்னு நான் கேட்டேனா?"

"இல்ல."

"அப்பாவுக்கும் இதே கதைதான். இப்ப அம்மாவும். இவங்க வலியையெல்லாம் என் தலையில கொண்டுவந்து வெச்சா நான் எங்க போய் இறக்கி வெப்பேன்?" கிழிந்த துணியால் கையை மறுபடி மறுபடி துடைத்தான். பிறகு கேட்டான்: "நான் வந்து வாங்கிட்டா மாத்திரை போட்டுப்பாங்களா?"

"போட்டுப்பா. வாக்குத் தவற மாட்டா."

"எத்தன மணி பூசை?"

நம்பாதவன் அதை வாங்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். வீம்புக்காரன்தான், ஆனால் பொய்யன் இல்லை. பிடிக்காத இடத்தில் தலையாட்டுவது அவன் பரம்பரையிலேயே கிடையாது. அம்மாவின் கைக்காக அதையும் செய்கிறேன் என்கிறான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே விரல் மடங்குகிறதே! நேரத்தைச் சொன்னேன். சேசு என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டால் போகும்போது நேரில் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கி முதல் பாட்டு முடிவதற்குள் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். தேய்த்த சட்டை, வழித்த தாடி. அக்கா திரும்பிப் பார்த்தாள். "சேசுவே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என் தொடையில் குத்தினாள். குத்துவதற்கு முஷ்டி பிடிக்க முடிந்தால்தானே, புறங்கையால் இடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது, துடைக்கவுமில்லை. பிரசங்கம் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டை என் பையில் இருந்தது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நன்மை வாங்க வரிசை கிளம்பியது. முன்னால் குண்டு, அவன் பின்னால் அக்கா, அவள் பின்னால் நான். பாதி தூரம் போனதும் குண்டு திரும்பி அவள் காதருகே குனிந்தான்.

"வாங்கினதும் வெளிய வந்து மாத்திரை போட்டுடணும், சரியாம்மா? சித்தி பையில இருக்கு."

அக்கா நின்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. "நகருக்கா" என்று பின்னாலிருந்து தட்டினேன். இரண்டு எட்டு வைத்து மறுபடி அவனோடு சேர்ந்துகொண்டாள்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணினியாடா?" என்று கேட்டாள். நன்மை வாங்குமுன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதைத்தான் கேட்கிறாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா."

"நம்பித்தான் வாங்கப் போறியா?"

அவன் குனிந்து அவள் கைகளைப் பார்த்தான். வீங்கின விரலும், மணிக்கட்டில் கட்டின துணியுமாக அவை அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டான். சாமியாருக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டே பேர்தான்.

அக்கா அவன் சட்டையைப் பிடிக்கப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை. மேல்தட்டை அழுத்துவாளே, அதே முழங்கையை அவன் முழங்கைக்குள் கோத்து இழுத்தாள்.

"வா, வெளிய போலாம்."

"அம்மா, ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"வாடான்னா!"

இழுத்த இழுப்பில் அவன் வரிசையை விட்டு நடைபாதைக்கு வந்துவிட்டான். சாமியார் கையில் அப்பத்தோடு எங்களைப் பார்த்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அடுத்த ஒரு மாதத்துக்கு அவர்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நான் என்ன செய்வேன்? என் கையால் வெட்டின அப்பம் எனக்கே கிடைக்கவில்லை. இவர்கள் பின்னால் ஓடினேன்.

பக்கவாட்டுப் படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். குண்டு எதிரில் நின்றான். அவன் முகம் சிவந்திருந்தது.

"உனக்கு வேணும்னுதானேம்மா வந்தேன்! உனக்கு வேணும்னுதானே!"

"தெரியும்டா. அதனாலதான் இழுத்துட்டு வந்தேன்." அவள் அழுதாள். இந்தத் தடவை சந்தோஷ அழுகை இல்லை. "எங்கிட்ட எவ்வளவு பொய் வேணா சொல்லு. பள்ளிக்கூடத்துலேருந்து சொல்லிட்டுத்தான் இருக்க. என் கைக்காக அவர்கிட்ட போய்ப் பொய் சொல்லாத. அவரைப் பிடிக்கலன்னா, பிடிக்கலன்னே இரு. அது பரவாயில்ல."

"அப்ப உன் கை?"

உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"வலியைக் குடுத்து உன்ன வாங்கப் பாத்தேன்" என்றாள். "அவர் என்ன கடையா வெச்சிருக்காரு? அவர் கேக்கவே இல்ல. நானாப் போய் தராசுல ஏறி உக்காந்துக்கிட்டேன். குடுக்க வேண்டியதெல்லாம் அவர் எப்பவோ குடுத்து முடிச்சுட்டாரு. நான் மேல என்னத்தப் போட்டு பேரம் பேச?"

குண்டு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். ரொம்ப நாள் மனசில் கிடந்ததைக் கேட்டான். "அப்பா அப்படிக் கத்தினாரேம்மா. வந்தவங்க அதைப் பாக்கியம்னு சொன்னாங்க. நீயும் கேட்டுட்டு உக்காந்திருந்த."

"உக்காந்திருந்தேன். எதுத்துப் பேசத் தெம்பு இல்லடா. நீ சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியாது." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "உங்கப்பா கத்தினது எனக்குப் பிடிக்கல. சேசுவுக்கும் பிடிச்சிருக்காது. எப்படிப் பிடிக்கும்? சிலுவைல தொங்கறப்ப அவரே கத்தியிருக்காரே, ஏன் என்னைக் கை விட்டீருன்னு. உங்கப்பா கத்தினப்ப அவர் கேட்டு ரசிச்சுட்டு இருக்கல. கூடக் கத்திட்டு இருந்தாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

குண்டு ஒத்துக்கொண்டானா, இல்லையா, தெரியாது. ஆனால் எழுந்து போகவில்லை.

"தாகமா இருக்குடா. தண்ணி குடு" என்றாள் அக்கா.

என் அக்கா யாரிடமும் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. அத்தான் செத்த அன்றைக்குக்கூட அவளே எழுந்து போய்த்தான் மொண்டு குடித்தாள். வேறொரு சமயமாக இருந்தால், "பாத்தியா, அன்னிக்கே நான் சொன்னேன்ல" என்று நான் குதித்திருப்பேன். வாயைத் திறக்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவள் விரலால் அட்டையைப் பிதுக்க முடியாது. அவன் பிதுக்கி ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தான். உள்ளங்கை குவியாததால் அது உருண்டு படிக்குக் கீழே மண்ணில் விழுந்தது. இன்னொன்றைப் பிதுக்கினான். அக்கா வாயைத் திறந்தாள். அவன் அதை நாக்கில் வைத்தான், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தான், கழுத்தில் வழிந்ததைத் தன் தேய்த்த சட்டைக் கையால் துடைத்துவிட்டான்.

"நேர்ச்சை என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன். என் வாய் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே பெரிது.

"உடைச்சுட்டேன். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். போய் வேலையப் பாருடி."

அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. அது இரண்டு ஆள் தூரத்தில் வந்து நின்றது. அவள் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் போதும், கையில் கிடைத்திருக்கும். மகனுக்காக அதை விட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை நாள் பொறுத்த விரல் வலியெல்லாம் இதற்கு முன்னால் தூசு. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

மருந்து ஒரே நாளில் வேலை செய்கிற மருந்து இல்லை. டாக்டர் நன்றாகத் திட்டினார், எனக்கும் சேர்த்து. பல மாதம் கழித்து வீக்கம் வடிந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கினது மடங்கினதுதான், இனிமேல் நீளாது. காலையில் எழுந்ததும் ஒரு வலி இருக்கத்தான் செய்கிறது. டாக்டர் அது இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள், அதே நோய், கழுத்தில் சிலுவை. "நான் மாத்திரையெல்லாம் போடறதில்லைங்க, ஒப்புக்கொடுத்துடறேன்" என்று பெருமையாகச் சொன்னார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாத்திரையப் போடுங்கம்மா. போட்ட பிறகும் மிச்சம் ஒரு வலி இருக்கும். அதைக் குடுங்க. அது போதும் அவருக்கு."

அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த முயலுக்கு நான்காவது கால் ஒருவழியாக முளைத்துவிட்டது.

மறுவாரம் குண்டு ஓஸ்தி அறைக்கு வந்தான். அதுவரை வேறொருத்திதான் சுட்டாள்; அக்கா மறுபடி சுட மதரிடம் அவனே பேசி அனுமதி வாங்கியிருந்தான். மேல்தட்டின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, நீளமான இரும்புக் குழாய் ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கி, அதன் முனையில் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரைச் சுற்றிக் கட்டினான். இப்போது விரலே வேண்டாம். முன்கையை வைத்து லேசாகச் சாய்ந்தால் தட்டு தானாக இறங்கி அழுத்துகிறது. அக்கா மாவை ஊற்றிச் சாய்ந்து பார்த்தாள். ஏடு எல்லாப் பக்கமும் ஒரே மெல்லிசாக, வெள்ளையாக வந்தது. அவன் கோயிலுக்கு வரத் தொடங்கினானா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றுவரை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் வெட்டிப் போட்டிருந்த ஓரச் சீவலை அள்ளி, சின்ன வயதில் தின்பது மாதிரி தின்றுகொண்டே கேட்டான். ஆஸ்பத்திரிக் கதையை நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

"அம்மா, அந்த மிச்ச வலி இப்பவும் எனக்காகத்தானா?"

"உனக்கு எதுக்குடா? உனக்குத்தான் நான் இருக்கேனே." அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள். "அது யாருமே இல்லாதவங்களுக்கு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, குழாய் சரியாக இருக்கிறதா என்று குனிந்து திருகாணியை இன்னொரு தடவை இறுக்கினான்.